ராயர் கொடுத்த லைஃப்டைம் ரீசார்ஜ்

வரிக்கும் ஜனநாயகத்துக்கும் பேராசிரியர்கள் ஒரு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஜனங்களின் பையில் கை விடுகிற அரசு, ஜனங்களுக்குப் பதில் சொல்லியே தீரணும். எண்ணெய்க் கிணறு வைத்திருக்கும் மன்னருக்கு அந்தத் தொல்லை இல்லை. அருமையான தியரி! ஒரே குறை, அதைக் கண்டுபிடித்தவர்கள் கல்வராயன் மலை ஏறவில்லை.

இங்கே சடைய கவுண்டர், குறும்ப கவுண்டர், ஆரிய கவுண்டர் என்று மூன்று ஜாகீர்தார்கள் இருந்தார்கள். வரி வாங்குவார்கள், பதில் சொல்ல மாட்டார்கள். யார் கொடுத்த அதிகாரம் சாமி என்றால், கிருஷ்ணதேவராயராம்! ராயர் 1529-லேயே போய்ச் சேர்ந்தார், பிற்பாடு பேரரசும் போனது. ரீசார்ஜ் மட்டும் தீரவே இல்லை.

நவாப் வந்தார், கம்பெனி வந்தது, மகாராணி வந்தார், 1947-ல் சுதந்திரமே வந்தது. எல்லாம் அடிவாரத்தோடு சரி. மலைக்குப் பஸ் இல்லை போலிருக்கிறது.

கடைசியில் அரசு மலையைக் கையில் எடுத்த தேதியைப் பாருங்கள்: 25 ஜூன் 1976. எமர்ஜென்சிக்கு முதல் பிறந்தநாள்! சென்னையில் கவர்னர் ஆட்சி, எம்.எல்.ஏ. என்று ஒருத்தர்கூடக் கிடையாது. ஆக, யாரும் ஓட்டுப் போடாத ஜாகீர்தார்களை, யாரும் ஓட்டுப் போடாத ஆட்சி வீட்டுக்கு அனுப்பியது.

சரி, அப்புறமாவது ஓட்டு? மலை மக்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டதே 1996-ல்தான் என்று, கள்ளக்குறிச்சி கருணாபுரம் விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு 2024-ல் உயர் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது. சாவு விழுந்த பிறகுதான் மலையின் சரித்திரமே கோர்ட்டுக்கு வந்தது.

சாராயம் என்றதும் ராஜாஜி ஞாபகம் வருகிறார். இதே மலையின் ஒரு பக்கம் சேலம் ஜில்லா. அங்கேதான் 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை மூடியது, கஜானாவில் ஓட்டை. மூளைக்காரர் அசருவாரா? 1939-ல் விற்பனை வரி போட்டார். குடிகாரன் தனியாளாகச் சுமந்த பாரத்தை, பருப்பும் புளியும் வாங்க வந்த ஊரே பங்கு போட்டுக்கொண்டது!

பிறகு மதுவிலக்கு போனது, வந்தது, மறுபடி போனது. விற்பனை வரிக்கு அந்தச் சபலமெல்லாம் இல்லை. வாட், ஜிஎஸ்டி என்று சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கிறது. இன்னொரு பக்கம் டாஸ்மாக்: 2023-24-ல் அரசுக்கு 45,000 கோடிக்கு மேல். நமக்கு எண்ணெய்க் கிணறு இல்லை என்று யார் சொன்னது?

பேராசிரியர் தியரிப்படி பார்த்தால், அரசைக் கூண்டில் நிறுத்திக் கேள்வி கேட்க முதல் உரிமை குவார்ட்டர்காரருக்குத்தான். அவரும் தினமும் கேட்கத்தான் செய்கிறார்: "பாட்டிலுக்கு ஏன் பத்து ரூபா கூட?"