டப்பா தீர்ந்த மறுநாள்

உடம்பைக் குறைக்கக் கிளம்பியவர்களை இப்போது தூரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கையில் பிளாஸ்டிக் ஷேக்கர் இருக்கும். அதற்குள் ஒரு கம்பிப் பந்து உருளும். என் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் படியேறுவது அந்தப் பந்தின் கடகட சத்தம்தான். ஆள் பின்னால் வருவான். காலையில் சாப்பாட்டுக்குப் பதில், டப்பாவில் வரும் புரத மாவில் இரண்டு ஸ்பூனைக் கொழுப்பு நீக்கிய பாலில் போட்டு ஆட்டிக் குடிக்கிறான். ராத்திரியும் அதே. மதியம் மட்டும் 'நார்மல் மீல்'. அதையும் பார்த்தேன். காலையில் விட்டதையும் ராத்திரி விடப்போவதையும் ஒரே இலையில் வசூல் செய்துகொண்டிருந்தான். இருந்தும் பெல்ட்டில் புதுசாக ஓட்டை போட்டிருக்கிறான் என்பதை மறுப்பதற்கில்லை.

"ஏங்க, நீங்களும் ஒரு டப்பா வாங்கிப் பாருங்களேன்" என்றாள் மனைவி. முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் அவள் வழக்கம். அன்றைக்குக் கொஞ்சம் கீழே பார்த்தாள்.

கடுகு பாக்கெட்டையே பின்பக்கம் திருப்பிப் படித்துவிட்டு வாங்குகிறவன் நான். மச்சினனிடம் டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். எது அதிகமோ அதைத்தான் லேபிளில் முதலில் போட வேண்டும். முதலில் சோயாப் புரதம். அதை ஒட்டியே ஒரு சர்க்கரை. அப்புறம் பால் புரதம், நார்ச்சத்து, குழகுழப்புக்கு ஒரு பசை, கட்சிப் பொதுக்குழு மாதிரி வரிசையாக வைட்டமின்கள், கடைசியில் குல்ஃபி வாசனை. குல்ஃபியைத் தொடாதே என்று சொல்லிவிட்டு அதன் வாசனையை மட்டும் காட்டுவதற்குக் கொஞ்சம் கல்நெஞ்சம் வேண்டும்.

ஒரு வேளைக்கு 25 கிராம் மாவு. அதில் 9 கிராம் புரதம், 90 சொச்சம் கலோரி. பாலோடு சேர்த்தால் 200 பக்கம் வரும். காலையில் நான் உள்ளே தள்ளும் 4 இட்லி, மெதுவடை, தேங்காய்ச் சட்னி, ஒரு கிண்ணம் சாம்பார் எல்லாம் சேர்ந்து 500-க்குக் குறையாது. 500 போகிற வயிற்றில் 200 போனால் எடை இறங்கத்தான் செய்யும். இதில் மூலிகையும் இல்லை, மந்திரமும் இல்லை. வடையை விட்டு, சட்னியைத் தொட்டுக்கொண்டு, 2 இட்லியோடு எழுந்தாலும் இதே கணக்குதான்.

ஆனால் 2 இட்லியோடு எழுந்துவிட முடியுமா? "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று வீடே ஆரம்பிக்கும். மிளகு ரசம் வைக்கட்டுமா என்று கேட்கும். அம்மா ஊரிலிருந்து போன் பண்ணுவாள். டப்பாவின் நிஜமான சாமர்த்தியம் இங்கேதான் இருக்கிறது: பரிமாறுகிறவர்களுக்கு அதில் வேலையே கிடையாது. "இன்னும் ஒண்ணே ஒண்ணு வச்சுக்கோ" என்று சொல்லி ஷேக்கருக்குள் யாரும் மூன்றாவது ஸ்பூனைக் கவிழ்ப்பதில்லை. இதற்காகவே காசு கொடுக்கலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். அரைக் கிலோ டப்பா 2,000 ரூபாயைத் தாண்டுகிறது. 20 வேளை வரும். வேளைக்கு 100 ரூபாய், பால் நம் கணக்கு. இரண்டு முட்டையில் 12 கிராம் புரதம் இருக்கிறது. முட்டைக்குக் கோச்சும் தேவையில்லை.

கோச் என்றதும்தான் ஞாபகம் வருகிறது. டப்பாவைத் தனியாக வாங்க முடியாது, கோச்சோடுதான் வரும். ஜெராக்ஸ் கடை மாடியில், முன்பு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் இருந்த இடத்தில் அவர் இருக்கிறார். முப்பது வயதுத் தம்பி. செருப்பைக் கழற்றச் சொல்லி ஒரு மெஷின் மேல் ஏற்றினார். அது உடம்பில் லேசாக மின்சாரத்தை விட்டுக் கொழுப்பை அளக்கும். போகிற வழியில் தண்ணீர் குடித்திருந்தால்கூட அதன் அபிப்பிராயம் மாறும். எனக்கு உடல் வயது 71 என்று சொல்லியது. எனக்கு முன்னால் ஏறியவருக்கு 64. அவர் கையில் காலேஜ் ஐ.டி. கார்டு இருந்தது.

டப்பாவின் அடியில், எறும்பு படிக்கிற எழுத்தில், 'பலவகை உணவுக்கு மாற்றாகப் பயன்படுத்தக் கூடாது' என்று ஒரு வரி இருந்தது. அதைக் காட்டி, "சாப்பாட்டுக்குப் பதிலா இதைத்தானே தம்பி குடிக்கச் சொல்றீங்க?" என்றேன்.

"அது லீகலுக்காகப் போட்டது சார்."

"சரி, டப்பா தீர்ந்த மறுநாள் காலையில என்ன சாப்பிடணும்?"

"அடுத்த டப்பா சார்."

இந்த வியாபாரத்தில் 60 வருஷத்துக்கு மேலாக யாரையும் கேட்க வேண்டிய கேள்வி அது ஒன்றுதான். அமெரிக்காவில் 1959-இல் மெட்ரிக்கால் என்று ஒரு பானம் வந்தது. நாளைக்கு 900 கலோரி, வேறு எதுவும் கிடையாது. சக்கைப்போடு போட்டது, பிறகு சலித்துப்போய் விட்டுவிட்டார்கள். 1988-இல் ஓப்ரா வின்ஃப்ரே திரவ உணவிலேயே மாதக்கணக்கில் இருந்து 67 பவுண்டு குறைத்தார். நம் கணக்கில் 30 கிலோ. அதே எடைக்குக் கொழுப்பை ஒரு சிவப்பு வண்டியில் ஏற்றி, டி.வி. மேடையில் இழுத்துக்கொண்டு வந்தார். நாடே கை தட்டியது. சாப்பிட ஆரம்பித்ததும் போன எடை திரும்பி வந்துவிட்டது. அதையும் அவரே ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார்.

அதற்காக மாவே மோசடி என்று நான் சொல்ல மாட்டேன். பிரிட்டனில் டைரக்ட் என்று ஓர் ஆய்வு நடந்து, 2017-இல் முடிவு வெளிவந்தது. சர்க்கரை நோய் வந்து 6 வருஷத்துக்குள் இருப்பவர்களை எடுத்து, 3 முதல் 5 மாதம் வரை சூப்பும் ஷேக்கும் மட்டும் கொடுத்தார்கள். நாளைக்கு 850 கலோரி வாக்கில். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் அவர்களில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான வைத்தியத்தில் இருந்தவர்களில் 4 சதவீதம்தான். இரண்டாம் வருஷம் அந்த 46, 36 ஆனது. அப்போதும் பெரிய விஷயம்தான். ஆனால் அங்கே மாத்திரையை நிறுத்துவதை டாக்டர் பார்த்துக்கொண்டார். ஷேக்கை விட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்புவதற்கே வாரக்கணக்கில் படிப்படியாகத் திட்டம் வைத்திருந்தார்கள். அதற்கப்புறமும் மாதாமாதம் கூப்பிட்டு விசாரித்தார்கள். என் கேள்விக்கு அவர்களிடம் எழுதிவைத்த பதில் இருந்தது.

ஆகவே, சர்க்கரை புதிதாக வந்த என் ஆபீஸ் நண்பர், டாக்டர் மேற்பார்வையில் இப்படி இருக்கப்போகிறேன் என்றால், நானே ஷேக்கர் வாங்கித் தருவேன். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்கிறவர் மாடிப்படி ஏறி மெஷினிடம் யோசனை கேட்டால் கையைப் பிடித்து இழுத்து வந்துவிடுவேன். சாப்பாடு திடீரென்று பாதியாகும்போது மருந்து அப்படியே இருந்தால் சர்க்கரை தாழ்ந்து ஆள் மயங்கி விழவும் கூடும். எனக்கு இருப்பது வெறும் தொப்பை. அதற்கு வடையைப் பாதியாக்கினால் போதும் என்று முடிவு செய்தேன். வடை எண்ணிக்கையில் வீட்டில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.

வேண்டாம் தம்பி என்று கோச்சிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். அவர் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "டப்பா வாங்க வேணாம் சார். நீங்களே கோச்சா சேர்ந்துடுங்க. தள்ளுபடியும் கிடைக்கும், கீழ நாலு பேரைச் சேர்த்தா வருமானமும் வரும்" என்றார். பிறகு இரண்டடி பின்னால் நகர்ந்து, என் வயிற்றை முழுசாகத் திரைக்குள் கொண்டுவரும் அளவுக்குப் போனைத் தூக்கிப் பிடித்தார்.

"'பிஃபோர்' போட்டோவை இப்பவே எடுத்துடலாம் சார். மூச்சை மட்டும் உள்ளே இழுக்காதீங்க."