இக்வானாக்காரர்

"பாலக் இருக்கு சார், புதுசு" என்று கீரைக்காரம்மா நீட்டியதும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்வார்.

"ஆக்சலேட்மா அது! கால்சியத்தை உடம்புல ஒட்டவிடாது. அகத்தி இருக்கா?"

"அது அமாவாசைக்குத்தான் சார் வரும். மாட்டுக்கா?"

"பையனுக்கு."

அந்தப் பையனை நினைத்து அந்தம்மா பரிதாபப்படுவது முகத்திலேயே தெரியும். கடைசியில் முருங்கைக்கீரையில் சமரசம். கூடத்தில் பேப்பரை விரித்து ஆய உட்கார்ந்தால் பழுத்த இலை ஒன்றுகூடத் தப்பாது. இரண்டு தண்ணீர் அலசி, துண்டில் உலர்த்தி, பொடியாக அரிந்து, துருவிய பூசணியைக் கலந்து, மேலே கால்சியம் பொடியைத் திருநீறு மாதிரி தூவுவார். அன்றைக்கு அந்த வீட்டு மனிதர்களுக்கு முந்தின நாள் ரசம்.

"ஒரு துண்டு முட்டை வைக்கலாமே?" என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிடாதீர்கள். "சுத்த சைவம் சார்! மாமிசப் புரதம் கொடுத்தா கிட்னி போயிடும்" என்பார், மட்டன் சுக்காவை மென்றுகொண்டே.

பையன் என்பது இக்வானா, ஓணான் மாதிரி ஒரு பிராணி. வாலோடு சேர்த்து ஐந்தடி. ஒரு படுக்கையறையே அதற்குத்தான்: கூரை வரை கிளைகள், புற ஊதா விளக்கு, வெயில் காய 35 டிகிரியில் ஒரு மூலை. ஜன்னல் வெயில் போதாதா என்றால், கண்ணாடி யுவிபியைத் தடுத்துவிடும் என்று பாடம் நடக்கும். குளிர்ந்தால் அதற்குச் செரிக்காதாம். ஆகவே மே மாதத்திலும் ஏசி கிடையாது. மாமனார் கூடத்தில் விசிறியோடு படுத்திருக்கிறார். அவர் பெயரை ரேஷன் அட்டையில் சேர்க்க இன்னும் நேரம் வரவில்லை. இதன் பெயர் மட்டும் அயல்நாட்டுப் பிராணிகளைப் பதியும் அரசின் பரிவேஷ் தளத்தில் ஏறிவிட்டது.

இவரைத் திட்டியும் பயனில்லை. உள்ளங்கை நீளக் குட்டியை விற்றவன், "கண்ணாடித் தொட்டியும் லெட்யூஸும் போதும் சார்" என்று சொல்லித்தான் அனுப்பினான். மரத்தின் மேலேயே வாழ்கிற பிராணி, ஒழுங்காக வளர்த்தால் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும் என்பதை அவன் சொல்லவில்லை. எலும்பு வலுவிழந்து, தாடை வீங்கி, கால் நடுங்கிய பிறகு டாக்டர்தான் சொன்னார். அன்றைக்குப் பிடித்தது இந்தக் கீரைப் பித்து. வீங்கிய தாடையோடு அது மெல்லமுடியாமல் திணறியபோது, இலையைக் கசக்கிக் கூழாக்கி விரலால் ஊட்டியவர் இவர். அதையும் நான் பார்த்திருக்கிறேன்.

அடுத்த வாரம் குடும்பத்தோடு ஊருக்குப் போகிறார். சாவியை என் கையில் திணித்துவிட்டார், நாலு பக்கக் குறிப்போடு. மூன்றாம் பக்கத்தில் சிவப்பு மையில்: "செம்பருத்திப் பூ தினம் இரண்டு. கீழ்வீட்டு மாமி பூஜைக்குப் பறிக்க வருவதற்கு முன் பறித்துவிடவும்."