கொலுவுக்கு எதுக்கு கண்ணு இம்மாந்துட்டு?

வா மருமவளே. காலாண்டு லீவுக்குப் பசங்களை இட்டுக்கினு அம்மையார்குப்பம் வந்தியே, சந்தோஷம். கூடவே ஒரு அட்டைப்பெட்டி வந்து எறங்குச்சே, அதுல இன்னா? கொலு ஜோடனையா? பிளாஸ்டிக் மாவிலை, பிளாஸ்டிக் சாமந்தி. பேஷ், பேஷ். பின்கட்டு மாமரத்துக்கு இனிமே வேலை இல்லேன்னு நானே போய்ச் சொல்லிடறேன்.

பசங்க தொட்டா கலைஞ்சிடும்னு ராத்திரியெல்லாம் நீயே ஒட்டுவே. காலைல அதுங்களைப் பக்கத்துல நிக்க வெச்சிப் போட்டோ புடிச்சி, 'என் பிள்ளைங்க செஞ்சது'ன்னு ஊருக்கெல்லாம் அனுப்புவே. நல்ல ஏற்பாடுதான். வேலை உனக்கு, பேரு அதுங்களுக்கு, துட்டு கடைக்காரனுக்கு.

துட்டு மிச்சமாவணும்னா பசங்களைத் தறி வூட்டுக்கு அனுப்பு. நூல் சுத்தி வந்த காகிதக் கோனு காலியாக் கெடக்கும், கேட்டா சும்மாவே குடுப்பாங்க. ஒண்ணை நிமித்தி வெச்சா கோபுரம். அதும்மேல களிமண்ணுல ஒரு தலையை உருட்டி வெச்சா செட்டியாரு. கழிவு நூலு அவருக்குக் குடுமி, செட்டியாரம்மாவுக்குப் பின்னல், மிச்சம் தோரணத்துக்குக் குஞ்சம். செட்டியாருக்கு ஒரு கண்ணு பெருசா, ஒரு கண்ணு சின்னதா இருக்கும். இருக்கட்டும், எடைபோடறவரு அப்படித்தான் பாப்பாரு.

பசையும் வாங்காதே. ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு கரண்டி மைதாவைக் கட்டியில்லாமக் கரைச்சி, சின்னத் தீயில கிண்டு. வழவழன்னு ஆனதும் எறக்கிடு. பூச்சி அரிக்காம இருக்க மயில்துத்தம் சேப்பாங்க; நீ சேக்காதே, அது வெஷம். சின்னவ இன்னும் வெரலை வாயில வெக்கிறா. அடுப்புகிட்ட நிக்கறது ஒண்ணுதான் உன் வேலை. முடிஞ்சதும் திண்ணையில வந்து குந்து.

குந்த மாட்டே, தெரியும்.

பழைய செங்கல்லு நாலு அடுக்கி, மேல ஏரி மண்ணைப் பூசுனா தணிகை மலை ஆச்சு. பெரியவன் கணக்குல புலியாச்சே, கோயில்ல இருக்கற 365 படியையும் வெச்சே தீருவேன்னு நிப்பான். பன்னெண்டுலயே கை ஓஞ்சிடும். வுடு, நாளுக்கு ஒரு படி இல்லேன்னா மாசத்துக்கு ஒண்ணு. சின்னவ யானையைத் தூக்கியாந்து முருகனுக்கு முதுகைக் காட்டி வெப்பா. 'அய்யய்ய, மயிலை வெய்யிடி, இந்தப் பக்கம் திருப்புடி'ன்னு ஓடியாராதே. மலைமேல சந்நிதிக்கு எதிர்ல யானைதான் நிக்குது, வெளியதான் பாத்துக்கினு நிக்குது. தெய்வானைக்குச் சீதனமா வந்த ஐராவதமாம் அது. அது போனதும் இந்திரனுக்குச் செல்வம் கொறையவே, தன் தெசையையே பாத்துக்கினு நிக்கட்டும்னு அவன் முருகன்கிட்ட கேட்டதாக் கதை. நீ போன தபா கோயிலுக்குப் போனப்போ யானையைப் பாத்தியா, போனைப் பாத்தியா?

தெலுங்குக்கார அத்தை வூட்டுல கேட்டா பொம்மையும் இரவல் கெடைக்கும். அவங்க பொம்மல கொலுவு வெக்கறது சங்கராந்திக்கு, அதுவரைக்கும் பரண்மேலதானே தூங்குது. திருத்தணி ஆந்திராவுலேருந்து இந்தப் பக்கம் வந்தது 1960 ஏப்ரல்ல. கோடு மாறுச்சே தவிர அவங்க பண்டிகை மாறல. நமக்கு அதுல லாபம். தை பொறக்கறதுக்கு முன்னாடி திருப்பிக் குடுக்கறப்போ, நம்ம கோனு செட்டியாரையும் கூட அனுப்பிடு. அவருக்கும் வருஷத்துக்கு ரெண்டு யாவாரம்.

கலர் காகிதச் சங்கிலி மிஞ்சுனா ஆயுத பூஜைக்குத் தறிக்குப் போட்டுடலாம். அன்னிக்கு அது ஓடாது, சிக்கிக்கும்னு பயமில்ல.

அமாவாசைக்கு இன்னும் நாலு நாளு கீது. மலையடியில பூங்கா வேணும்னா இன்னிக்கே மண்ணைப் பரப்பிக் கடுகும் வெந்தயமும் தூவி, தண்ணி தெளிக்கச் சொல்லு. கொலு தொடங்கறப்போ மொளைச்சி நிக்கும். தூவறது பசங்க, நீ இல்ல.