மூணு தட்டு, ஒரு நிறுத்தம்

மாமல்லபுரத்துச் சிற்பக் கல்லூரி விடுதியில் எங்களுக்கெல்லாம் ஊர்தான் பெயர். சங்கராபுரம், சுவாமிமலை, தம்மம்பட்டி. நான் தேவகோட்டை. அப்பா அம்மா வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. விடுதிக்குள் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டோம்.

ஊரோடு தொழிலும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. சுவாமிமலைக்காரன் ஐம்பொன் வார்க்கிற குடும்பம். தம்மம்பட்டிக்காரன் வீட்டில் மூன்று தலைமுறையாக மரச் சிற்பம். சங்கராபுரத்தானின் அப்பா கோயில் கல்வேலைக்காரர். பரம்பரையில் யாருமே உளி பிடிக்காத வீட்டிலிருந்து வந்தவன் எங்கள் அறையில் நான் ஒருவன்தான். 1957-ல் அந்தக் கல்லூரி தொடங்காமல் இருந்திருந்தால் என்னைப் போன்றவன் பட்டறை வாசலில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருப்பான்.

1988-ல் சேர்ந்த எனக்கு எங்கள் ஆசிரியர் ஐயா முதலில் கற்றுக்கொடுத்தது கேட்பதற்கு. ஒரு வாரம் உளியையே கையில் தரவில்லை. கல்லைச் சுத்தியால் தட்டச் சொன்னார். மணி அடித்தாற்போலக் கணீரென்றால் ஆண் கல், மூலவருக்கு ஆகும். தாளம் தட்டினாற்போல இருந்தால் பெண் கல். ஓசை எழாத கல்லில் சிலை செய்யக் கூடாது, அடித்தளத்துக்குப் போடலாம். சாஸ்திரம் இப்படிப் பிரித்திருந்தாலும், "உள்ளே விரிசல் இருந்தா கல்லே சொல்லிடும்டா, நீ காதைக் கொடு" என்று ஐயா சொன்னதுதான் எனக்கு விளங்கியது. சிலையின் உயரத்தைப் பிரிக்கிற தாள அளவெல்லாம் பிறகுதான். உத்தம தசதாளத்துக்கு 124 அங்குலம் என்று ராத்திரியில் உருப்போடுவோம்.

அப்படிப் பழகிய காது ஆளையும் அடையாளம் கண்டுகொண்டது. விடிகாலையில் தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில் நாலைந்து பேர் வேலை செய்வார்கள். படுத்தபடியே யார் யார் என்று சொல்லிவிடலாம். சங்கராபுரத்தான் மூணு தட்டுத் தட்டுவான், ஒரு நிறுத்தம், மறுபடி மூணு தட்டு. அந்த நிறுத்தத்தில் கல்பொடியை வாயால் ஊதுவான். அது நின்றால் உளி மழுங்கிவிட்டது, உலைக்குப் போகிறான் என்று அர்த்தம். நானும் எழுந்து போவேன். துருத்தியை நான் ஊத, அவன் உளி முனையைச் சிவக்கக் காய்ச்சித் தட்டிக் கூராக்கித் தண்ணீரில் தோய்ப்பான். தோய்த்து எடுத்ததும் முனையில் ஒரு வைக்கோல் நிறம் ஓடி வரும். அது நீலமாக மாறுவதற்குள் மறுபடி தோய்க்க வேண்டும். தவறவிட்டால் உளி கல்லில் மடங்கும். அவன் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

1992-ல் படிப்பு முடிந்தது. கடைசி ராத்திரி நாங்கள் போனது பிடாரி ரதத்துக்கு. ஐந்து ரதத்துக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் வருகிற கூட்டம் ஊரின் மேற்குப் பக்கம் வருவதில்லை. பல்லவன் காலத்துச் சிற்பிகள் ஒற்றைக் கல்லை மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்து பாதியில் விட்டுப்போன வேலை அது. மேலே கூடும் சிகரமும் தெளிவாக இருக்கும். கீழே வெறும் பாறை. நிலா வெளிச்சத்தில் உளித் தடங்களை விரலால் தடவிப் பார்த்தோம். "ஏன்டா பாதியில விட்டாங்க? அவங்களும் படிப்பு முடிஞ்சு ஊருக்குப் போயிட்டாங்களா?" என்று தம்மம்பட்டி கேட்டான். யாரும் பதில் சொல்லவில்லை. சுவாமிமலை சட்டென்று அழுதுவிட்டான்.

கையெழுத்துப் புத்தகம் வாங்கக் காசு இல்லை. கையில் இருந்ததைக் கொடுத்துக்கொண்டோம். தம்மம்பட்டி வாகை மரத்தில் செதுக்கிய ஒரு கிளி தந்தான். சுவாமிமலை தந்தது மெழுகு. தேன்மெழுகும் குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியதில் ஒரு அபய ஹஸ்தம், கட்டைவிரல் நீளம், ரேகையெல்லாம் போட்டு. மே மாத வெயிலில் தேவகோட்டை போய்ச் சேர்ந்து டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது என் வெள்ளைச் சட்டையில் ஒரு பழுப்புக் கறைதான் இருந்தது. அந்தச் சட்டையை அம்மா கடைசிவரை தூக்கிப் போட விடவில்லை.

சங்கராபுரத்தான் தன் சின்ன உளியைக் கொடுத்தான். கண், நகம், ஆபரணம் செதுக்க வைத்திருந்தது. சுத்தி பட்டுப் பட்டுத் தலை காளான்போல விரிந்திருந்தது. "தொழில் உளியை யாராவது கொடுப்பாங்களாடா?" என்றேன். "உனக்குக் கொடுக்காம?" என்றான். மறுநாள் அவன் கன்னியாகுமரிக்குப் பஸ் ஏறினான். கணபதி ஸ்தபதி தலைமையில் வள்ளுவர் சிலை வேலை நடந்துகொண்டிருந்தது. 2000 ஜனவரி 1-ஆம் தேதி அந்த 133 அடிச் சிலை திறந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்தக் கல்லில் எங்கேயோ அவனுடைய மூணு தட்டும் இருக்கிறது.

போன பங்குனியில் மாமல்லபுரம் போனேன். அவன் இப்போது அங்கேயே பட்டறை வைத்திருக்கிறான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் காதைக் கொடுத்தேன். உளிச் சத்தமே இல்லை. தெரு முழுக்கக் கிரைண்டர். அது எல்லார் கையிலும் ஒரே மாதிரி கத்துகிறது. யார் பிடித்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது.

கிரைண்டரை நான் குறை சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் இழுத்த வேலை வாரக்கணக்கில் முடிகிறது, பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் சொல்ல வந்தது தூசியைப் பற்றி. உளியில் தெறிப்பது பெரும்பாலும் சில்லு, காலடியில் விழும். ஊதினால் பறக்கிற பொடியும் உண்டுதான். ஆனால் கிரைண்டரில் வருவது புகை மாதிரியான பொடி. கருங்கல்லில் இருக்கும் சிலிக்கா அந்தப் பொடியாக மூச்சோடு உள்ளே போய் நுரையீரலில் தழும்பு ஏற்படுத்துகிறது. அந்தத் தழும்பை ஆற்ற மருந்து இல்லை.

சங்கராபுரத்தானுக்கு இருமல். முதலில் காசநோய் என்று நினைத்து மாத்திரை சாப்பிட்டிருக்கிறான். பிறகு படம் எடுத்துப் பார்த்துச் சிலிக்கோசிஸ் என்று சொல்லியிருக்கிறார்கள். திண்ணை ஏறுவதற்குள் இரண்டு தடவை நின்றான். மூணு படி, ஒரு நிறுத்தம். கல்லுக்குள் இருக்கிற விரிசலைத் தட்டிச் சொல்லத் தெரிந்தவன் அவன்.

அவன் உளியை எடுத்துப் போயிருந்தேன். கையில் வாங்கி முனையைப் பார்த்து, "பதம் போயிடுச்சுடா, எதுக்கு இப்படி வெச்சிருக்க?" என்று கடிந்துகொண்டான். உலை இல்லை. தேய்ப்புக் கல்லில் தீட்டிக்கொடுத்தான். ஓரமாகக் கிடந்த துண்டுக் கல்லில் தட்டியும் பார்த்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன்.

2017-ல் மாமல்லபுரத்துக் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எங்கள் எல்லாருக்கும் அது பெருமை. அந்தச் சிலைகளை வாங்கப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேரம் பேசுவதற்கு முன் பட்டறைக்குள் எட்டிப் பாருங்கள். கல்மேல் தண்ணீர் விட்டு அறுக்கிறார்களா, வேலை செய்கிற பையன் முகத்தில் தூசிக்கான முகக்கவசம் இருக்கிறதா, வெறும் துண்டைக் கட்டியிருக்கிறானா என்று கேளுங்கள். அதற்கு ஆகிற செலவைச் சேர்த்துச் சொன்னால் கொடுங்கள். அந்தப் பையன் ஏதோ ஒரு விடுதியில் யாருக்கோ ஊர்ப்பெயராக இருப்பான்.