மார்க்கரும் மஞ்சப்பையும்

கேள்வி: செங்கல்பட்டில் ஒரு லேபில் முழு உடல் பரிசோதனையோடு மூன்று ‘கேன்சர் மார்க்கர்’ டெஸ்ட்டும் பாதி விலைக்குத் தருகிறார்களாம். மனைவி போகலாம் என்கிறாள். நான் வேண்டாம் என்கிறேன். யார் சொல்வது சரி?
– ஜவுளிக்கடைக்காரர், திருக்கழுக்குன்றம்

பதில்: வீட்டு அமைதி முக்கியம்தான், ஆனாலும் இந்த முறை ஓட்டு உங்களுக்கு. வேட்டிக்கு ஆடித் தள்ளுபடி சரி, புற்றுநோய்க்கு எதற்கு? கட்டி ரத்தத்தில் கசியவிடும் சில புரதங்களைத்தான் மார்க்கர் என்கிறார்கள். வம்பு என்னவென்றால், அதே புரதங்களைக் கட்டி இல்லாத உடம்பும் கசியவிடும். சினைப்பைப் புற்றுக்குப் பார்க்கும் சிஏ-125 முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும் என்பது கணக்கு. மாதவிலக்கின்போது ஏறும், கர்ப்பத்தில் ஏறும், எண்டோமெட்ரியோசிஸில் ஏறும். வயிற்றுக் காசநோய் வந்தால் நூற்றுக்கணக்கில் ஏறும். காசநோய் நம் நாட்டில் அபூர்வமா என்ன? ஒரு நோயும் இல்லாத நூறு பெண்களில் ஒருவருக்கு 35ஐத் தாண்டியிருக்கும். மறுபக்கம், புற்று முதல் கட்டத்தில் இருப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு டெஸ்ட் ‘நார்மல்’ என்று சிரிக்கும். அப்புறம் அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு ஸ்கேன், அது தெளிவாக இல்லை என்று இன்னொரு ஸ்கேன். அங்கே தள்ளுபடி கிடையாது.

கேள்வி: உதவாத டெஸ்ட் என்றால், குடலில் ஆபரேஷன் செய்துகொண்ட என் அண்ணிக்கு மட்டும் டாக்டர் விடாமல் சிஇஏ எழுதுகிறாரே?
– வாசகி, புதுப்பட்டினம்

பதில்: உங்கள் அண்ணிக்கு நோய் இன்னது என்று தெரிந்துவிட்டது. மார்க்கரின் உண்மையான வேலை அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. 1965இல் கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் குடல் கட்டியிலும் கருவிலிருக்கும் சிசுவின் குடலிலும் ஒரே புரதத்தைக் கண்டார்கள். அதுதான் சிஇஏ. ஒரு சொட்டு ரத்தத்தில் குடல் புற்றைப் பிடித்துவிடலாம் என்று அப்போது உலகம் துள்ளியது. அது நடக்கவில்லை. புகை பிடிப்பவருக்கும் சிஇஏ ஏறும் என்று தெரிந்தது. ஆரம்பக் கட்டிகள் பலவும் சத்தமே போடவில்லை. ஆனால் சிகிச்சை முடிந்தவரைக் கண்காணிக்க அது பலே கெட்டிக்காரத்தனம் காட்டியது.

உதாரணத்துக்கு, ஒரு ரிப்போர்ட்டில் சிஇஏ 38 என்று இருக்கிறது. நல்லதா, கெட்டதா? சிகிச்சைக்கு முன் 900ஆக இருந்து 38க்கு இறங்கியிருந்தால் வீட்டில் பாயசம் வைக்கலாம். மூன்று மாதம் முன்பு 3ஆக இருந்து 38க்கு ஏறியிருந்தால் டாக்டர் அன்றைக்கே ஸ்கேன் எழுதுவார். எண் ஒன்றுதான், அதற்கு அர்த்தம் கொடுப்பது முந்தைய எண். அண்ணியின் பழைய ரிப்போர்ட்டுகள் பத்திரமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ச் சங்கு தீர்த்தத்தில் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை சங்கு பிறக்கிறது. இந்த சிஇஏ எத்தனை வருஷத்துக்கு ஒரு முறை?
– பூக்கடைக்காரர், திருக்கழுக்குன்றம்

பதில்: சங்குக்கு இருக்கும் பொறுமை இதற்கு இல்லை. குடல் ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு வருஷம் மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை, பிறகு ஐந்தாம் வருஷம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்பது பொதுவான வழக்கம். இன்னொன்று: முடிந்தவரை ஒரே லேபில். கம்பெனிக்குக் கம்பெனி டெஸ்ட் கிட் வேறு, எண்ணும் கொஞ்சம் வேறு. லேபை மாற்றிவிட்டு ‘ஏறிவிட்டதே’ என்று அழுதவர்கள் உண்டு.

கேள்வி: பழைய ரிப்போர்ட்டுகளை மஞ்சப்பையில் போட்டுப் பரணில் வைத்திருந்தேன். போன மழையில் பாதி போய்விட்டது. ஆபா எண் எடுத்தால் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் என்கிறார் என் மருமகன். நம்பலாமா?
– ஓய்வு பெற்ற நடத்துநர், செங்கல்பட்டு

பதில்: மருமகன் பாதி சரி. மருமகன்களுக்கு அதுவே நல்ல மார்க். ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் 2021 செப்டம்பரில் நாடு முழுக்க வந்தது. அதில் தரும் 14 இலக்க எண்தான் ஆபா, காசு கிடையாது, எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எண் கிடைத்த மறுநாள் நனைந்துபோன ரிப்போர்ட்டுகள் தாமாக எழுந்து வராது. ரிப்போர்ட் இருப்பது அந்தந்த ஆஸ்பத்திரியிடமும் லேபிடமும். அவர்கள் தங்கள் மென்பொருளை இணைக்க வேண்டும், ரிப்போர்ட்டை உங்கள் எண்ணோடு சேர்க்க வேண்டும், பார்க்க விரும்பும் டாக்டருக்கு நீங்கள் சம்மதம் தர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று அறுந்தாலும் டாக்டர் முன்னால் வெற்றுத் திரைதான்.

அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து ஏற்றினால் கம்ப்யூட்டருக்கு அது வெறும் படம். அதிலிருந்து ஏற்ற இறக்கக் கோடு வரையத் தெரியாது. எண்ணாகவே ஏற்றினாலும் ஒரு லேப் ‘சிஏ 125’ என்று எழுதும், இன்னொன்று ‘கேன்சர் ஆன்டிஜன்’ என்று எழுதும், மூன்றாவது ‘ஓவரி மார்க்கர்’ என்று தன் இஷ்டத்துக்கு எழுதும். உங்களுக்கும் எனக்கும் புரியும், இயந்திரத்துக்கு மூன்றும் மூன்று டெஸ்ட். ஒவ்வொரு லேப் சோதனைக்கும் உலகத்துக்கே பொதுவான ஒரு குறியீடு தரும் லோயின்க் என்ற முறை 1994இலேயே அமெரிக்காவில் தொடங்கியது. பில் போடுவதற்கு மட்டும் கம்ப்யூட்டர் வாங்கிய லேபுகளிடம் அதைக் கேட்டுப் பாருங்கள், டீ வாங்கித் தருவார்கள்.

அதுவரை ஒரு நோட்டில் தேதி, டெஸ்ட், எண், அலகு, லேப் பெயர் என்று ஐந்தையும் ஒரே வரியில் எழுதி வையுங்கள். மஞ்சப்பையைத் தூக்கிப் போட வேண்டாம். 2021 டிசம்பரில் அரசாங்கமே ‘மீண்டும் மஞ்சப்பை’ என்று சொல்லிவிட்டது. பிளாஸ்டிக்கை ஒழிக்கச் சொன்னார்கள் என்பது வேறு விஷயம். பரணில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: கல்பாக்கம் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். அணுமின் நிலையத்தால் எங்களுக்கு ஏதாவது வந்திருக்கிறதா என்பது ரத்த டெஸ்ட்டில் தெரியுமா?
– மீனவர், சதுரங்கப்பட்டினம்

பதில்: தெரியாது. எந்தக் கட்டியும் தான் வந்த காரணத்தைப் புரதத்தில் எழுதி அனுப்புவதில்லை. உங்கள் கேள்விக்குப் பதில் ஒரு ஆளின் ரத்தத்தில் இல்லை, ஊர்க் கணக்கில் இருக்கிறது: எந்த ஊரில், எந்த வயதில், எந்த வகைப் புற்று, எத்தனை பேருக்கு, எந்த வருஷம். இதற்குப் பெயர் புற்றுநோய்ப் பதிவேடு. முத்துலட்சுமி ரெட்டி 1954இல் பன்னிரண்டு படுக்கையோடு தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனைதான் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து சென்னைக்கான பதிவேட்டை நடத்துகிறது. மாநிலம் முழுவதற்குமான பதிவேட்டு வேலை 2012இல் தொடங்கியது.

பதிவேட்டு ஊழியர்கள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய்க் கேஸ் ஷீட்டைப் புரட்டி எழுதுகிறார்கள். அவர்களுக்குப் பெரிய எதிரி நம் இனிஷியல். ஒரு பெண்மணிக்குப் பயாப்சி ஓர் இடத்தில், ஆபரேஷன் இன்னோர் இடத்தில், கரண்ட் வைத்தியம் மூன்றாவது இடத்தில். முதல் சீட்டில் அப்பா இனிஷியல், இரண்டாவதில் கணவர் இனிஷியல், மூன்றாவதில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டர் ஒரு நோயாளியை மூன்று பேராக எண்ணிவிடும். வயது, தெரு, நோய் வந்த உறுப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டு மூவரையும் மறுபடி ஒருவராக்குவதற்கு ஆள் வேண்டும். இந்த வேலையை ஒழுங்காகச் செய்தால்தான் உங்கள் கேள்விக்கு யாராலும் நேர்மையாகப் பதில் சொல்ல முடியும். அடுத்த முறை ஆஸ்பத்திரியில் பெயர் கேட்டால் ஆதாரில் இருப்பதை அப்படியே சொல்லுங்கள். உங்களால் ஆன கைங்கரியம்.

கேள்வி: அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வேலை செய்கிறேன். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால், “ரத்தத்துலயே பாத்துடலாமே, எதுக்கு இதெல்லாம்?” என்று அக்காமார்கள் நழுவுகிறார்கள். என்ன சொல்வது?
– தன்னார்வலர், திருக்கழுக்குன்றம் வட்டம்

பதில்: இரண்டு ஊர்க் கதையைச் சொல்லுங்கள். பிரிட்டனில் 2001 முதல் 2005 வரை இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை ஆய்வில் சேர்த்து, ஒரு பகுதியினருக்கு வருஷா வருஷம் சிஏ-125 ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 2021இல் கணக்குப் பார்த்தபோது சினைப்பைப் புற்றால் வரும் சாவு குறைந்ததாகத் தெரியவில்லை. அதே காலத்தில் நம் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு, பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலம் தடவிப் பார்த்தார்கள். கெட்ட இடம் வெள்ளையாகத் தெரியும், அவ்வளவுதான். வினிகரில் இருக்கும் அதே சமாச்சாரம். 2007இல் முடிவு வந்தது: கர்ப்பப்பை வாய்ப் புற்றால் வரும் சாவு 35 சதவீதம் குறைவு. ரத்தம் எடுக்கவில்லை, மெஷின் இல்லை, பிரிட்டனும் இல்லை. “ஊறுகாய் போடற வினிகர்தான்க்கா, ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: வயது 68. பிஎஸ்ஏ 6.2. தூக்கம் போய்விட்டது.
– ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், மாமல்லபுரம்

பதில்: ஐயா, முதலில் தூங்குங்கள். வயதானால் புராஸ்டேட் வீங்கும், வீங்கினால் பிஎஸ்ஏ ஏறும். சிறுநீர்த் தொற்று, நீண்ட சைக்கிள் பயணம் எல்லாம் ஏற்றும். 4க்கும் 10க்கும் இடையில் இருப்பவர்களுக்குப் பயாப்சி செய்தால் நாலில் ஒருவருக்குத்தான் புற்று இருக்கும். புராஸ்டேட் ஆன்டிஜனை 1970இல் கண்டவர்களில் ஒருவரான ரிச்சர்ட் ஆப்ளினே, எல்லோருக்கும் இதைப் பார்ப்பது தவறு என்று 2010இல் பத்திரிகையில் எழுதினார். பெற்றவரே பிள்ளையைக் கண்டிப்பது தமிழ்நாட்டில் அபூர்வம். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள், யூராலஜிஸ்ட்டிடம் இரண்டு எண்ணையும் காட்டுங்கள். சிறுநீர் தாராளமாகப் போக ஃபினாஸ்டரைடு சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். அது பிஎஸ்ஏவைப் பாதியாக்கிக் காட்டும், 6.2க்கு அர்த்தமே மாறிவிடும்.

கேள்வி: அம்மாவின் மார்பகப் பயாப்சியில் ‘ஹெர்-2 பாசிட்டிவ்’. பாசிட்டிவ் என்றால் நல்லதுதானே?
– கல்லூரி மாணவி, செங்கல்பட்டு

பதில்: கொஞ்சம் முரட்டு வகை, ஆனால் அதற்கென்றே மருந்து இருக்கும் வகை. இது ரத்தத்தில் தேடும் மார்க்கர் இல்லை. கட்டியின் சதையிலேயே பார்ப்பது, எந்த மருந்து பிடிக்கும் என்று சொல்வது. அந்த மருந்தான டிராஸ்டுசுமாப் அமெரிக்காவில் 1998இல் அனுமதி பெற்றது. 2014இல் பெங்களூரு பயோகான் அதற்கு நிகரான மருந்தை இந்தியாவில் விலை குறைத்து விற்க ஆரம்பித்தது. டாக்டரிடம் டிராஸ்டுசுமாப் என்ற இந்த ஒரு வார்த்தையை மட்டும் மறக்காமல் கேளுங்கள், தைரியமாக இருங்கள்.

கேள்வி: முடி வளர பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறேன். டெஸ்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா?
– பெயர் வேண்டாம், திருக்கழுக்குன்றம்

பதில்: உண்டு, நிறையவே. பல லேப் இயந்திரங்கள் பயோட்டினை ஒட்டுப்பசை போலப் பயன்படுத்தித்தான் புரதத்தைப் பிடிக்கின்றன. உங்கள் ரத்தத்திலும் பயோட்டின் மிதந்தால் இயந்திரம் குழம்பி, எண்ணைக் குறைத்தோ கூட்டியோ காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இலேயே எச்சரித்தது. டெஸ்ட்டுக்கு எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் கொட்டுகிற முடி எப்படியும் கொட்டியிருக்கும்.