தூரை விட்டுரு மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. பெரிய கண்மாய்ல சீமைக்கருவை வெட்ட காண்டிராக்ட் எடுத்திருக்கியாம்ல? நல்லது. மாமன் சொல்றபடி நடந்தா உன் பேரன் வரைக்கும் இந்த ஒரு கண்மாயை வச்சே பொழச்சுக்கலாம்.

தரையோட தரையா வெட்டு. மொட்டை போட்ட தலை மாதிரி கண்மாய் பளிச்சுன்னு இருக்கும். அதிகாரி வருவாரு, போட்டோ பிடிப்பாரு, பில்லு பாஸாயிரும். தூரை மட்டும் தொட்டுராத. தரைக்குக் கீழ ஒரு சாண் வரைக்கும் தூர்ல துளிர் தூங்கிக்கிட்டுக் கிடக்கும். ஒரு மழை விழுந்தாப் போதும், ஒத்தை மரம் நின்ன இடத்துல ஏழெட்டுக் கொம்பு கிளம்பிரும். மறுபடி டெண்டரு, மறுபடி நீ. ஜேசிபியை வச்சு வேரோட பிடுங்கிட்டா ஒரே வருஷத்துல உன் தொழில் படுத்துக்கும் பாத்துக்க.

வெட்டுறதுக்கும் நாள் பாரு. நெத்து மஞ்சளாப் பழுத்துத் தொங்கும் பாரு, அப்பப் போய் வெட்டு. வெட்டுனதை மூடாம கொள்ளாம டிராக்டர்ல ஏத்தி ஊர் நடுவுல ஓட்டிட்டுப் போ. சிந்துற நெத்தை ஆடு விடாது, இனிப்புல்ல! விதை மட்டும் செரிக்காது. ஆட்டு வயித்துலயே விதைநேர்த்தி முடிஞ்சு, அடியுரத்தோட வந்து விழும். நீ நட ஆளு வைக்கவேண்டாம், கூலி குடுக்கவேண்டாம்.

வெட்டுன இடத்தை வெறுசாப் போட்ரு. விதை மண்ணுக்குள்ள வருஷக்கணக்கா உசுரோட கிடக்கும். வெயில் பட்டுச்சுன்னா படைபடையாக் கிளம்பும். புங்கை, நாட்டுக்கருவை, கரை மேல பனைன்னு எவனாவது யோசனை சொன்னா காதைப் பொத்திக்க. அதுக நிழல் கட்டிருச்சுன்னா இந்தக் கன்னு எந்திரிக்காது. முளைக்கிற கன்னைப் பிஞ்சுலயே பிடுங்க நாலு பொம்பளையாளுகளை வைக்கலாம். வச்சா அடுத்த டெண்டருக்கு வேலை இருக்காது.

கோர்ட்டு கேட்டா என்ன சொல்றதுன்னு பயப்படாத. 2017-ல மதுரைக் கிளை வெட்டுங்கன்னு விரட்டுச்சு, அதே வருஷம் சென்னை ஐகோர்ட்டு கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைன்னுச்சு. 2022-ல அரசாங்கம் அயல் களைக்குன்னே ஒரு கொள்கை போட்டுச்சு. களையை எடுக்கிறதையும் இயற்கையை மீட்டெடுக்கிறதையும் அதுல சேர்த்தேதான் எழுதியிருக்காக. நீ முதல் பாதியை மட்டும் படி, போதும்.

அதுக்கு மேல வாட்ஸ்அப் இருக்கு. இந்த மரத்துல கட்டுன மாடு மலடாப் போகும்னு ஒருத்தன் அனுப்புவான். ஊரெல்லாம் ஒன்னை மகராசன்னு கும்பிடும். இங்க தலைமுறை தலைமுறையா அது நிழல்லயே படுத்துக் குட்டி போட்டுப் பெருகுன ஆடுககிட்ட யாரும் கேக்க மாட்டாக. மரத்து மேல குத்தம் இல்லைன்னு சொல்லலை. பயிரை அமுக்கும், கண்மாயை அடைக்கும், காலைக் கிழிக்கும். வெள்ளைக்காரன் காலத்துல, 1870-கள்ல, விறகுக்குன்னு அமெரிக்கச் சீமைல இருந்து வந்த விதை. மழை பொய்ச்ச வருஷமெல்லாம் நம்ம ராமநாதபுரத்துல அடுப்பு எரிஞ்சதும் இந்த முள்ளாலதான்.

கரிமூட்டம் போடுறவனை மட்டும் கண்மாய்ப் பக்கம் விட்டுராத மாப்ளே. அவன் தொழிலைக் கெடுக்கிற பய. விறகைக் கூம்பா அடுக்கி, ஓலை வைக்கோல் மூடி, ஈரமண்ணைப் பூசி, சின்னச் சின்னதா ஓட்டை விட்டுத் தீ வைப்பான். வெள்ளைப் புகை நீலமா மாறுற வரைக்கும் ராத்தூக்கம் இல்லாமக் காவல் இருப்பான். ஓட்டையை அடைக்கப் பிந்துனா கரி சாம்பலாயிருமே! அப்படிப்பட்டவனுக்குக் கொம்பைவிட தூர் மேலதான் கண்ணு. தூர்க்கரி கனமா இருக்கும், நின்னு எரியும். கடப்பாரையும் மண்வெட்டியுமா ஒரு தூர் பாக்கி வைக்காமத் தோண்டிருவான். அப்புறம் உன் பேரன் கதி?

என்ன முழிக்கிற? கிழவன் இம்புட்டு நேரம் எதுக்குத் தூரைப் பத்தியே பேசுறான்னுதானே? இந்த மாசம் நானும் ரெண்டு மூட்டம் போடலாம்னு இருக்கேன். கொம்பு, கிளையெல்லாம் நீயே வச்சுக்க. தோண்டுற கூலி எனக்கு வேணாம், ஜேசிபி வாடகை உனக்கு மிச்சம். தூரை மட்டும் எனக்கு விட்டுரு.