இரவில் மட்டும் ஏன் கதிர் முளைக்கிறது?

கேள்வி: பகலில் பத்திரிகையின் பொடி எழுத்தையும் வாசிக்கிறேன். இரவில் கல்முனை – அக்கரைப்பற்று வீதியில் எதிரே வரும் விளக்கெல்லாம் நட்சத்திரம்போல் கதிர் விரிக்கின்றன. ஏன்?
– வாசகர், மருதமுனை

பதில்: பகலில் உங்கள் கண்மணி சிக்கனக்காரர், 2, 3 மில்லிமீற்றர்தான் திறப்பார். இருட்டினால் தாராளம், 6 மில்லிமீற்றர் வரை விரிவார். கதவு அகன்றால் ஒளியோடு பிழையும் நுழையும். வில்லையின் ஓரத்தால் வரும் கதிர், நடுவால் வரும் கதிர் சேருமிடத்தில் சேராது. இது கோளப் பிறழ்ச்சி. திறப்பு இரு மடங்கானால் ஒளியலையின் முகப்பான அலைமுகத்தில் இந்தப் பிழை 16 மடங்காகும். பெருந்திறப்புள்ள நுணுக்குக்காட்டி, தொலைகாட்டி செய்வோரின் தலைவலியும் இதுவே.

கோள ஆடி கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்காது, பரவளைவு ஆடியே குவிக்கும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதினார் பஸ்ராவின் இப்னுல் ஹைதம். பிழையை அளக்க வழி சொன்னவர் ஜெர்மனியின் ஹார்ட்மன். 1900 அளவில், துளையிட்ட தட்டு ஒன்றை வில்லைக்கு முன் வைத்தார். ஒவ்வொரு துளையின் ஒளிப்புள்ளியும் இருக்கவேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகியதோ, அதுவே கணக்கு. 1971இல் அமெரிக்காவின் ஷாக் துளைகளுக்குப் பதில் குறுவில்லைகளை வைத்தார். 1994இல் அதே முறையால் மனிதக் கண்ணை அளந்தார்கள்.

அளக்கும் கருவியும் சரியாக இருக்கவேண்டும். ஆடியைச் சோதித்த கருவியின் வில்லை 1.3 மில்லிமீற்றர் விலகி, ஆடி தவறாகத் தீட்டப்பட்டதால்தான் ஹபிள் தொலைகாட்டி 1990இல் மங்கலாகப் பார்த்தது.

கண்புரையும் இப்படிக் கதிர் காட்டும். ஆகவே கண் வைத்தியரிடம் ஒருமுறை காட்டுங்கள். அதுவரை இரவில் மெதுவாக ஓட்டுங்கள்.